கொல்லைப்புறமும் இல்லமே

நம் இல்லத்திற்கு வருவோர் காண்பது அதன் முகப்பு. இல்லத்தார் அன்றாடம் புழங்குவதோ அதன் பின்புறம். முகப்பிற்குச் சாயம் பூசுகிறோம், இரும்புக் கதவு அமைக்கிறோம், பெயர்ப்பலகை பொருத்துகிறோம். பின்புறத்திற்கு நாம் கொடுப்பது என்ன? கால் ஒடிந்த நாற்காலியும், துருப்பிடித்த தகரமும், வீடு கட்டியபோது எஞ்சிய செங்கல்லும், உடைந்த பிளாஸ்டிக் குடமுந்தான். தஞ்சைத் தரணியில் கொல்லை என்றும், நெல்லைச் சீமையில் புறவாசல் என்றும், வேறு பல ஊர்களில் புழக்கடை என்றும் வழங்கும் அவ்விடம், இன்று வேண்டாத பொருள்களின் இருப்பிடமாகிவிட்டது.

வீடு மந்திரிக்க அழைக்கப்படும் குருவானவர் முன்னறையோடு திரும்பிவிடுவதில்லை. கூடமும் அடுக்களையும் கடந்து, கொல்லை வாயில் வரை சென்று தீர்த்தம் தெளிப்பது வழக்கம். இவ்வழக்கத்தினால் நாம் கண்டுள்ள கொல்லைகள் பல நூறு இருக்கும். அக்கதவின் அருகே வந்ததும் வீட்டுத் தலைவியின் முகம் சற்று வாடும். “அங்கே வேண்டாம் சாமி, ஒரே குப்பையாகக் கிடக்கிறது” என்பார். தம் வீட்டின் ஒரு பகுதியைக் குறித்து ஒருவர் வெட்கப்படும் நிலை நல்லதன்று. அதனை மாற்றுவதற்குப் பெரும் பொருள் வேண்டுமோ என்னும் வினா நெடுநாளாக நம் உள்ளத்தில் இருந்து வந்தது.

சென்ற ஆண்டு கோடையில் நமக்குப் பதினைந்து நாள் ஓய்வு வாய்த்தது. கும்பகோணத்தில் தொடங்கி, காரைக்குடி வழியாக நாகர்கோவில் சென்று, அங்கிருந்து திருவனந்தபுரம் வரை பேருந்திலேயே பயணம் செய்தோம். உறவினர், நண்பர், முன்னர்ப் பணியாற்றிய பங்குகளின் மக்கள் ஆகியோர் இல்லங்களில் தங்கினோம். தங்கிய இடந்தோறும், “முதலில் உங்கள் கொல்லையைக் காட்டுங்கள்” என்றோம். சிலர் சிரித்தனர், சிலர் தயங்கினர், ஆயினும் எல்லோரும் காட்டினர். அப்பயணத்தில் கண்டவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

காவிரிக் கரையில்

நாம் சென்றது மே திங்கள். மேட்டூர் அணை பாசனத்திற்காகத் திறக்கப்படுவதற்கு வழக்கமான நாள் ஜூன் 12 ஆதலால், காவிரி அப்பொழுது வெறும் மணற்பரப்பாகக் கிடந்தது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பழைய ஓட்டு வீட்டில் இரண்டு நாள் தங்கினோம்.

அப்பகுதியின் பழைய வீடுகள் தெருவின் இருமருங்கும் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. அகலம் குறைவு, நீளம் மிகுதி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். தெரு வாயிலில் நின்று நோக்கினால் கொல்லைக் கதவு நேர் எதிரே தெரியும். அவ்விரு கதவுகளையும் திறந்து வைத்தால் காற்று தடையின்றி ஓடும். கொல்லைக் கதவை அடைத்துவிட்டால், அத்தனை நீளமான வீடும் புழுங்கத் தொடங்கும். கொல்லையை ஒழுங்கு செய்தவர்களே அக்கதவைத் திறந்து வைக்கிறார்கள். குப்பையும் நாற்றமும் உள்ளவர்கள் அடைத்துவிட்டு மின்விசிறியை நாடுகிறார்கள். ஆகவே கொல்லையின் தூய்மை, கூடத்தில் உறங்குபவருக்குக் கிடைக்கும் காற்றையும் தீர்மானிக்கிறது.

அவ்வீட்டுப் பாட்டியார்க்கு எண்பதைத் தாண்டிய அகவை. துவைக்கும் கல்லிலிருந்து வழியும் நீர் ஓரடி அகலமுள்ள மண் வாய்க்கால் வழியே ஓடி, ஐந்து வாழைகளையும் ஒரு சேப்பங்கிழங்குப் பாத்தியையும் நனைப்பதைக் காட்டினார். “ஒரு குடத்துத் தண்ணீருக்கு இரண்டு வேலை சாமி” என்றார். ஆறு வறண்ட மே திங்களிலும் அவ்வாழைகள் பசுமை மாறாது நின்றன.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாத்திரம் கழுவிய நீரும், துணி அலசிய நீரும் ஓரிடத்தில் தேங்கினாலே சேறும் கொசுவும் உண்டாகின்றன. ஓடி மண்ணில் இறங்கினால் தீங்கில்லை. துவைக்கும் இடத்திலிருந்து பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற அளவில் சரிவு கொடுத்து, வாழை, சேம்பு, கல்வாழை போன்ற நீர் விரும்பும் செடிகளிடம் அந்நீரைக் கொண்டு சேர்த்தால் போதும். கீரைப் பாத்திக்கு மட்டும் சவர்க்கார நீரை விடுதல் ஆகாது. கிணற்றருகே அதனைத் தேங்கவிடுதலும் கூடாது.

செட்டிநாட்டில்

அடுத்து நாம் கண்டது காரைக்குடிக்கு அருகிலுள்ள கானாடுகாத்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுப்பிய மாளிகைகள் அங்குள்ளன. ஒரு தெருவில் முன்வாயிலும், அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டு கிடப்பவை அவை. பர்மாத் தேக்குத் தூண்களையும், ஆத்தங்குடித் தரைக்கற்களையும் காண்பதற்கென்றே வெளியூரார் வருகின்றனர். நாமோ பின்கட்டைக் காண விரும்பினோம்.

நண்பகல் வேளை. தெருவில் கால் வைக்க இயலவில்லை. பின்கட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபோது, வெயிலின் நினைவே அகன்றது. முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் ஆழ்ந்த தாழ்வாரங்கள். கூரை உள்நோக்கிச் சரிந்திருந்தது. அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியன ஓரமாக இருந்தன. அங்கேதான் பெண்கள் பலர் கூடி அமர்ந்து, வற்றல் இட்டு, மாவு அரைத்து, பேசி மகிழ்ந்திருப்பர். மாளிகையின் முகப்பு விருந்தினர்க்காகக் கட்டப்பட்டது. ஆனால் வாழ்க்கை நடந்தது பின்கட்டிலேதான்.

நிழலைப் பற்றி அங்கே ஓர் உண்மை நமக்கு விளங்கிற்று. நம் தமிழகத்தில் ஏப்ரல் நடுவிலும், மீண்டும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியிலும் நண்பகற் கதிரவன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். அப்போது எவ்வளவு உயர்ந்த மதிலும் உச்சி வேளையில் நிழல் தராது. மேலிருந்து மறைக்கும் கூரையோ, பந்தலோ, மரமோதான் நிழல் தரும். பிற்பகலிலோ வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும். எனவே அமரும் இடத்திற்கு மேலே ஒரு பந்தலும், அதன் மேற்குப் புறத்தில் ஒரு மரமும் அல்லது கொடி படர்ந்த தட்டியும் இருந்தால், கோடையிலும் மாலை நான்கு மணிக்குக் கொல்லையில் உட்காரலாம். மாளிகை கட்டியோர் தேக்கிலும் ஓட்டிலும் செய்ததை, நாம் நான்கு மூங்கிலிலும் ஓர் அவரைக் கொடியிலும் செய்துகொள்ளலாமன்றோ!

மழையைப் பற்றிய பாடமும் அங்குண்டு. வறண்ட அந்நிலப்பகுதியில், கூரையிலிருந்து முற்றத்தில் விழும் நீரைப் பெரிய பாத்திரங்களில் பிடித்து வைத்துப் பயன்படுத்தினர். நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: 1,000 சதுர அடியுள்ள மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் ஏறத்தாழ 900 லிட்டர். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு அவசரமாக அமைத்த குழாய்கள் பல வீடுகளில் பின்னர்க் கவனிப்பாரின்றி அடைபட்டுக் கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகரம் குடிநீருக்காகப் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. கொல்லையிலுள்ள அக்குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லையும் மணலையும் அலசிப் போடுதல் ஒரு நாள் வேலையே.

குமரி மாவட்டத்தில்

நாகர்கோவிலைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த அம்மாவட்டம், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. அங்கே சிற்றூர்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தோட்டத்தின் நடுவே நிற்கின்றது. கொல்லை எது, தோப்பு எது என்று பிரித்துக் கூறவும் இயலாது.

நாம் தங்கிய வீட்டில் இருந்த நிலம் பெரிதன்று. ஆயினும் மேலே தென்னையும் பலாவும், அவற்றின் கீழே வாழையும் கறிவேப்பிலையும், அதற்கும் கீழே இஞ்சியும் மஞ்சளும், மரத்தின் மீது ஏறிய நல்லமிளகுக் கொடியுமாக, அடுக்கடுக்காகப் பயிர்கள் நின்றன. உதிர்ந்த சருகுகளை அவர்கள் எரிப்பதில்லை. மரத்தடியில் குவித்து மூடுகிறார்கள். ஈரம் காக்கப்படுகிறது, சருகே உரமாகிறது. வீட்டை ஒட்டிய நான்கைந்து அடியை மட்டும் நாள்தோறும் பெருக்கி வெறுந்தரையாக வைத்திருந்தனர். ஏன் என்று வினவினோம். “இரவில் கதவைத் திறந்தால் என்ன கிடக்கிறது என்று தெரிய வேண்டுமே ஃபாதர்” என்றார் வீட்டுக்காரர்.

பாம்பிற்கு அஞ்சியே பலர் கொல்லையைக் கைவிடுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றது அன்று. எலியையும் தவளையையும் தேடியே பாம்பு வருகிறது. விறகுக் குவியலும் செங்கற்குவியலும் அதற்கு ஒளிவிடம் ஆகின்றன. விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குதல், சிந்திய தானியத்தைக் கூட்டி எடுத்தல், சுவரை ஒட்டிய தரையை வெறுமையாக வைத்தல், கதவருகே ஒரு விளக்கு பொருத்துதல் ஆகிய நான்கும் போதிய காவலாகும்.

அங்கிருந்து திருவனந்தபுரம் சென்றோம். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்று, எளியோர்க்குக் குறைந்த செலவில் வீடு கட்டிக் கொடுத்து, 2007ஆம் ஆண்டு மறைந்த லாரி பேக்கர் வாழ்ந்த நகரம் அது. அவர் கட்டிய சுவர்கள் பலவற்றில் செங்கற்களுக்கிடையே சீரான இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். காற்றும் ஒளியும் உள்ளே வரும், வெளியார் பார்வை எளிதில் நுழையாது, செங்கல்லும் குறையும். பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்று கொல்லையைச் சுற்றி எட்டடி மதில் எழுப்பி, உள்ளே வெந்துகொண்டிருக்கும் நம்மவர்க்கு இது நல்ல மாற்று வழியாகும்.

மறக்கலாகாத ஒன்று

பழைய கொல்லைகளைப் போற்றும்போது, அவற்றின் மற்றொரு பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. உழைக்க வந்தவரைத் தெரு வாயிலில் ஏற்றாது, கொல்லை வழியாக வரச்செய்து, அங்கேயே தனியே உணவிட்ட கொடுமை இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. கொல்லையின் கடைசியில் இருந்த உலர் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்ய மனிதரை மனிதர் ஏவினர். 1993ஆம் ஆண்டிலும், மீண்டும் 2013ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றி அதனைத் தடை செய்ய வேண்டியிருந்தது. அக்காலக் கொல்லையை அப்படியே மீட்க நாம் விரும்பவில்லை. வேலை செய்ய வருபவரும் வீட்டாரும் ஒரே மேடையில் அமர்ந்து ஒரே வகைக் குவளையில் தேநீர் அருந்தும் கொல்லையே நாம் விரும்புவது. மேடை கட்டுமுன் இதனையும் மனத்தில் கொள்ளுதல் நலம்.

ஒரு வீட்டில் செய்து பார்த்தது

ஊர் திரும்பிய சில நாள்களில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பூசல் எழுந்ததைக் கேள்வியுற்றோம். வீட்டின் பின்னால் 20 அடி நீளமும் 15 அடி அகலமுமான நிலம். மழைக்காலத்தில் சேறு, வேனிலில் புழுதி. முழுவதையும் சிமெண்டுத் தளமாக்கிவிட மகன் முடிவு செய்து, மூட்டைகளையும் இறக்கிவிட்டார். அவருடைய தாயார்க்கு முழங்கால் வலி. தெருவிற்குச் செல்ல இயலாதவர். காலையும் மாலையும் அம்மண்ணில் தம் கணவர் நட்ட முருங்கையின் கீழ் நிற்பதொன்றே அவருக்கு வெளியுலகம். “மரத்தை வெட்டினால் நான் அறைக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான்” என்று கூறி, இரண்டு நாள் உண்ணாதிருந்தார். மருமகளோ இருவருக்குமிடையே அகப்பட்டுக்கொண்டார். சேற்றில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டவரும் அவரே.

எவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நாம் தீர்ப்புக் கூறவில்லை, ஒரு வினா மட்டும் எழுப்பினோம்: “இவ்விடத்தில் யார், எந்நேரத்தில், என்ன செய்கிறீர்கள்?” ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். மருமகள் நாளொன்றுக்குப் பதினைந்து முறையேனும் அங்கே செல்வது அப்போதுதான் மகனுக்குத் தெரிந்தது. கொடிக்கயிற்றிற்கும் குழாயடிக்கும் போகும் பாதையே அவருக்கு வேண்டியது. தாயார்க்கு வேண்டியது ஓர் இருக்கை. மகனுக்கு வேண்டியது சேறில்லாத தரை. முழுத் தளம் எவருக்கும் வேண்டியதாக இல்லை.

அதன்படி முதலில் வேண்டாத பொருள்களை அகற்றினர். பழைய இரும்பு விற்ற பணம் கூலிக்கு உதவிற்று. கதவிலிருந்து துவைக்கும் கல் வரை மூன்றடி அகலத்தில், வழுக்காத சொரசொரப்புடன் பாதை அமைத்தனர். எஞ்சிய மண்ணை அப்படியே விட்டனர். கழுவுநீர் இரண்டு வாழைகளுக்குச் சென்றது. மாடி நீர் வரும் குழாயை, வீட்டு அஸ்திவாரத்திலிருந்து சற்றுத் தள்ளித் தோண்டிய குழியில் விட்டனர். கொடிக்கயிற்றை வெயில் படும் கிழக்கு மூலைக்கு மாற்றினர். முருங்கைக் கிளை எளிதில் முறியக்கூடியதாதலால், அமரும் இடத்திற்கு மேலிருந்த கிளைகளை மட்டும் நறுக்கினர். அதன் அருகே 18 அங்குல உயரத்தில் ஒரு மேடை கட்டினர். முழங்கால் வலியுள்ளோர் அமர்ந்து எழுவதற்கு அவ்வுயரம் ஏற்றது. தாழ்வான மேடை முதியோர்க்குத் துன்பமே தரும். எழும்போது பற்றிக்கொள்ள ஒரு குழாயும் நட்டனர். மேடைக்கு மேலே மூங்கிற் பந்தல், அதில் அவரை. இறக்கிய சிமெண்டில் பாதியளவே செலவாயிற்று.

ஒரு வேலையை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சாக்கடையில் அன்று, தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். எனவே தொட்டி, பூந்தொட்டித் தட்டு, கோழிக்கு வைக்கும் நீர்ச்சட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிரட்டையும் பழைய டயரும் கொல்லையில் கிடக்கவே கூடாது. சனிக்கிழமைதோறும் அச்சிறுவர் இதனைச் செய்து வருகின்றனர்.

அண்மையில் அவ்வழியே சென்றபோது, தாயார் மேடையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மதிலுக்கு அப்பாலிருந்த பக்கத்து வீட்டு அம்மையாரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகன் பாதையில் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். பூசல் முற்றும் தீர்ந்ததென்று கூறமாட்டோம். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தபோது மீண்டும் எழுந்ததாகக் கேள்வி. ஆயினும் மரம் நிற்கிறது.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டுக் கொல்லை நான்கடிச் சந்தாக இருக்கலாம். நாற்பதடி நிலமாக இருக்கலாம். எதையும் வாங்குவதற்கு முன்னும், எதையும் பூசுவதற்கு முன்னும், அங்கே யார் மிகுதியாகப் புழங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் வீட்டில் குறைவாகப் பேசுபவராகவே இருப்பார். அவருக்கு ஒரு பாதையும், ஓர் இருக்கையும், சிறிது நிழலும், நீர் வடியும் வழியும் அமைத்துக் கொடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் இதனைச் செய்து முடித்தல் நன்று.